மணலில் எழுதிய விரல்கள்

2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெருந்தொற்றின் இரண்டாம் அலை சற்றே தணிந்து, பள்ளிக்கூடங்கள் இன்னும் திறக்கப்படாதிருந்த நாட்களில், நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தை ஒட்டிய பெரியகோம்பை முதலான சிற்றூர்களின் மாணவர்கள், வீட்டிலும் வீதியிலும் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத காரணத்தால், பெரியதோர் ஆலமரத்தில் ஏறிக் கிளைகளில் அமர்ந்து இணையவழிப் பாடம் கேட்டார்கள் என்ற செய்தி புகைப்படங்களுடன் வெளிவந்தது. பள்ளிக்கூடம் மரத்தடியில் நடந்த காலத்தை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மரத்தின் மேல் நடந்த காலத்தை நம் கண்ணாலேயே கண்டுவிட்டோம்.

அந்தப் படங்களைக் கண்டவர்களில் பலர் பிள்ளைகளின் சிரத்தையை வியந்தார்கள். சிலர் கைப்பேசிக் கோபுரம் அமைக்காதவர்களைக் கடிந்துகொண்டார்கள். இரண்டும் நியாயமே. ஆனால் என் உள்ளத்தில் நெடுநாள் தங்கி வருத்தியது வேறொரு எண்ணம். கிளையில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையில் கைப்பேசியை ஏந்தியிருந்த அந்தச் சிறுவன், பின்னக் கணக்கில் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பறையில் அவன் நோட்டை எட்டிப் பார்த்த கணத்தில் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கக்கூடிய அந்தப் பிழை, பல மைல்களுக்கு அப்பாலிருந்து திரையை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? பாடம் அவனை எட்டியது. அவனுடைய பிழை ஆசிரியரை எட்டவில்லை. கல்விக்கென்று எந்தச் சாதனம் வந்தாலும் அதை உரைத்துப் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த உரைகல் எனக்குத் தெரியவில்லை: பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்பதை அது ஆசிரியருக்குக் காட்டித் தருகிறதா?

இந்த உரைகல்லில் உரைத்தால் நம் முன்னோரின் சாதனம் ஒன்று பொன்னாகவே நிற்கும். அது மணல். சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு என்று இந்தச் சமவெளியின் ஊர்களிலெல்லாம் ஒரு காலத்தில் நடந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில், பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, தமக்கு முன்னே பரப்பிய மணலில் விரலால் அகரத்தை எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வார்கள். வளைவு தவறினால் உபாத்தியாயர் கண்ணில் உடனே படும். அவர் பார்க்காவிட்டாலும், முன்னரே கற்றுத் தேர்ந்து சிறுவர்களை மேற்பார்க்கும் சட்டாம்பிள்ளையின் கண்ணில் படும். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் பிழை மறைந்து மீண்டும் வெற்றுப் பலகை. ஓலையும் எழுத்தாணியும் பின்னர்தான் வரும். தவறு செய்து செய்து கை திருந்தும் பருவத்துக்கு மணலே உற்ற துணை. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-இல் சேலம் உள்ளிட்ட ஜில்லாக்களின் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டு, 1826-இல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரிய வந்தது. சர்க்கார் உதவியின்றி ஊராரே பேணிய பள்ளிகள் அவற்றில் பெரும்பாலானவை.

இந்த மணல் கடல் கடந்ததும் ஒரு விசேஷமான கதை. 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குத் தலைமையேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், ஒரு நாள் வழியில் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அந்த வழக்கத்தைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். அவருக்குக் கீழிருந்த ஆசிரியர்கள் ஆகாது என்றார்கள். அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேர்ந்து, கீழ் வகுப்புக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். சிறுவன் செய்து காட்டினான். 1797-இல் பெல் லண்டனில் அதைப் புத்தகமாக எழுதி வெளியிட, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அந்த முறை ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்திலும் அதற்கு அப்பாலும் பரவிற்று. மேல்நாட்டிலிருந்து சாதனங்கள் நம்மிடம் வருவதையே பார்த்துப் பழகிய நாம், நம் திண்ணையிலிருந்து ஒரு சாதனம் அங்கே போன செய்தியைப் பாடப்புத்தகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மணலுக்குப் பின் சிலேட்டும், கரும்பலகையும், அச்சிட்ட வாசகமும் வந்தன. 1939-இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியபின் ஒரு குரல் ஏககாலத்தில் ஆயிரம் ஊர்களுக்குக் கேட்கும் வசதி இந்தப் பகுதிக்கும் கிடைத்தது. வானொலியில் ஒரு மகத்துவம் உண்டு. அதே வானொலியில்தான் குறையும் பிறந்தது. அது சொல்லும், கேளாது. அன்று தொடங்கிய அந்த ஒருவழிப் பாதையில்தான் பின்னர் வந்த தொலைக்காட்சியும், இன்றைய காணொளிப் பாடங்களில் பெரும்பகுதியும் நடந்துகொண்டிருக்கின்றன.

அண்மைக்காலத்துச் செய்திகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின்கீழ், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி விலையின்றி வழங்கப்பட்டது. தறிக்காரர் வீட்டுப் பெண்ணும் லாரி ஓட்டுநர் வீட்டுப் பையனும் முதன்முதலாகத் தம் சொந்தக் கணினியைத் தொட்டது அதனால்தான். 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் சிறு கட்டங்களாலான குறியீடுகள் அச்சாயின; கைப்பேசியை அவற்றின்மேல் காட்டினால் பாடத்துக்குரிய காணொளி விரியும். 2019 ஆகஸ்டில், சேலம் மாவட்டத்து எடப்பாடியைச் சேர்ந்த அன்றைய முதல்வர் பழனிசாமி, கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029-இல் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. பின்னர் 22,931 தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளும், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினிகளும் என்று அரசு திட்டமிட்டுச் செலவிட்டது. இவை சிறிய காரியங்கள் அல்ல. பணம் படைத்த பள்ளியில் மட்டும் ஒளிர்ந்த திரை, ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் சுவரிலும் ஒளிர வேண்டும் என்ற எண்ணத்தில் நியாய உணர்ச்சி இருக்கிறது; அதை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆயினும் பெருந்தொற்று வந்து இந்தச் சாதனங்களையெல்லாம் ஒருசேரச் சோதித்தது. 2020 மார்ச்சில் மூடிய கதவு, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தது. இடையில் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பிற்று, காணொளிகள் குவிந்தன. ஆனால் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓடும் வீடுகளில், ஒரே கைப்பேசி தகப்பனாரின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும்; அவர் திரும்பும்போது பிள்ளை உறங்கிப்போயிருக்கும். அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் எவ்வளவு இழந்தோம் என்பதைப் பொருளாதார அறிஞர்களான அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்து அளந்தார்கள். 2019-இல் அதே வயதுப் பிள்ளைகள் அறிந்திருந்ததோடு ஒப்பிட, 2021 டிசம்பரில் கணிதத்திலும் தமிழிலும் பிள்ளைகள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். கணிதத்தில் பள்ளம் இன்னும் ஆழம்.

அடுத்து அவர்கள் கண்டதுதான் நமக்குப் பாடம். பள்ளி திறந்து ஆறே மாதங்களில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது. அப்படித் தூர்ந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தின் கைவேலை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இருந்தது என்ன? ஊருக்குள்ளேயே வசிப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ படித்தவர்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலை ஐந்து மணிக்குமேல் வீட்டு வாசலிலோ, சாவடியிலோ, கோயில் மண்டபத்திலோ தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டும் கதையும் கணக்கும் சொல்லித்தந்தார்கள். அத்தகைய தன்னார்வலர்கள் மாநிலமெங்கும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை, சேலை கட்டிக்கொண்டு மீண்டும் வந்ததாகவே எனக்குத் தோன்றிற்று. “அக்கா, எனக்கு இது புரியல” என்று பிள்ளை அச்சமின்றிச் சொல்லக்கூடிய தூரத்தில் ஒரு மனித முகம் இருந்தது.

இங்கே தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. இரண்டு லட்சம் பேரை விண்ணப்பிக்கச் செய்து, தேர்ந்து, ஊருக்கு ஊர் பிரித்து அமர்த்தியது இணையதளம். அன்றாட வருகையைப் பதிந்தது கைப்பேசிச் செயலி. பிள்ளைக்கு எதிரே திரையாக நிற்காமல், பிள்ளைக்கு எதிரே ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு அது உழைத்தது. கணினிக்கு நான் எதிரி அல்ல என்பதையும், அதன் இடம் எது என்று நான் கருதுகிறேன் என்பதையும் இந்த ஒரு உதாரணமே விளக்கும்.

கணினி பிள்ளையின் எதிரிலேயே இருந்து பயன் தந்த சந்தர்ப்பங்களும் உண்டு. குஜராத்தின் வடோதரா நகரத்து நகராட்சிப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக அமர்ந்து கணக்கு விளையாட்டுகள் ஆடியதில், கணிதத் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். திட்டம் நின்று ஓராண்டு கழிந்ததும் அந்த உயர்வில் பெரும்பகுதி கரைந்துபோனதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். தில்லியில் 2015-இல் நடந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. அங்கே பள்ளி நேரத்துக்குப் பின் இயங்கிய மையங்களில், ஒவ்வொரு பிள்ளையும் நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் கணினியில் பயின்றது. மற்றொரு முக்கால் மணி நேரம் ஒருவர் சிறு குழுவாக வைத்துக் கற்பித்தார். அந்த மென்பொருளின் சிறப்பு அதன் படங்களிலோ ஓசையிலோ இல்லை. முதலில் அது பிள்ளையைச் சோதித்து, ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமி உண்மையில் மூன்றாம் வகுப்புக் கணக்கில் நிற்கிறாள் என்று கண்டால் மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கிற்று. ஒவ்வொரு பிழைக்கும் ஏற்ப அடுத்த கேள்வியை மாற்றிற்று. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட வெகுவாக முன்னேறினார்கள்.

இதற்கு நேர்மாறானது தென் அமெரிக்காவின் பெரு நாட்டு அனுபவம். அந்த நாடு ஏழைப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வழங்கிற்று. கிராமப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தபோது கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் ஏற்றம் எதுவும் தென்படவில்லை. பொருளைக் கொடுத்தார்கள், பிள்ளை நிற்கும் படியை யாரும் பார்க்கவில்லை. தில்லி மென்பொருள் செய்தது, மணலைப் பார்த்து உபாத்தியாயர் செய்ததே. நாற்பது பிள்ளைகளின் நாற்பது படிகளை ஒரே ஆசிரியர் நினைவில் வைத்துக்கொள்ள இயலாத இடத்தில், இயந்திரம் அந்த ஞாபகத்தைச் சுமந்தது.

இனி நாமக்கல்லின் பிரத்தியேகமான சங்கடத்துக்கு வருகிறேன். கோழிப்பண்ணைக்கும், லாரிக்கும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிக்கும் பெயர்பெற்ற இந்த மாவட்டம், விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்கும் தமிழ்நாடு முழுதும் பெயர்பெற்றது. தென்கோடியிலிருந்துகூடப் பெற்றோர் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டு, மதிப்பெண்ணோடு திரும்ப அழைத்துப் போனார்கள். பொதுத்தேர்வில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது. பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிய நல்ல காரியம் அது. எனினும் மதிப்பெண்ணே கல்வி என்ற எண்ணம் ஓர் அரசாணையால் மாறிவிடுவதில்லை. அந்த எண்ணத்தின் கையில் கணினி அகப்பட்டால், நாளைக்கு நூறு வினா என்று பிள்ளையைச் சோதித்து, மாலையில் பெற்றோரின் கைப்பேசிக்கு மதிப்பெண் அனுப்பும் கருவியாகவே அது முடியும். பிழையைக் கண்டு திருத்துவதற்கும், பிழையை எண்ணித் தண்டிப்பதற்கும் இயந்திரம் ஒன்றேதான். ஏவுகிறவருடைய நோக்கம்தான் வேறு. எத்தனை வினாவுக்குச் சரியான விடை என்பதைத் தெரிவிக்கும் பள்ளி, எந்த வினாவில் ஏன் தவறினாள் என்பதையும் தெரிவிக்கிறதா என்று பெற்றோர் கேட்கவேண்டிய மாவட்டம், எல்லாவற்றுக்கும் முந்தி, இதுதான்.

மற்றொரு குறை. சென்னையிலோ வேறெங்கோ தயாரித்த காணொளி எல்லா ஊருக்கும் ஒன்றாக வருகிறது. ஆனால் பாடத்துக்கு வேண்டிய பொருளெல்லாம் இந்தச் சமவெளியிலேயே கொட்டிக் கிடக்கிறது. ஆத்தூரையும் இராசிபுரத்தையும் சுற்றியுள்ள சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை எடுத்து ஜவ்வரிசியாக உருட்டும் காட்சியை, ஆசிரியர் தம் கைக்கணினியில் பத்து நிமிடம் படமெடுத்து வந்து வகுப்பில் காட்டி, அந்த மாவில் ஒரு சொட்டு அயோடின் விட்டு அது கருநீலமாகும் விந்தையைப் பிள்ளைகளின் கண்ணெதிரே நிகழ்த்தினால், ஸ்டார்ச் என்ற சொல் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்? முட்டை அட்டை ஒன்றில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு, ஆக முப்பது. அந்த அட்டைகளை அடுக்கிய லாரியின் படமொன்று பெருக்கலையும் கன அளவையும் ஒருசேரக் கற்பிக்கும். 1934 முதல் நிற்கும் மேட்டூர் அணையின் 120 அடி நீர்மட்டம், நீரின் அழுத்தம் ஆழத்தோடு ஏறும் என்பதற்கு உலகத்தில் எங்கும் தேடவேண்டாத சான்று. பிள்ளை தன் அப்பாவின் பட்டறையைத் திரையில் காணும்போது, படிப்பு தன் வீட்டுக்கு அந்நியமானதல்ல என்று உணரும். அந்த உணர்ச்சிக்கு விலையில்லை. இத்தகைய படங்களை எடுக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நேரம்.

அந்த நேரம்தான் அரிதாகிவிட்டது. வருகை, சத்துணவு, சீருடை, உதவித்தொகை, தேர்வு என்று ஒவ்வொன்றையும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் பதிவதிலேயே பொழுது கழிகிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. அது உண்மையான குறை. ஆசிரியரின் கையில் கொடுத்த கைக்கணினி பிள்ளையின் பிழையைக் காட்டுவதற்குமுன் மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டத் தொடங்கிவிட்டால், அது வகுப்பறைச் சாதனம் என்ற பெயரை இழந்துவிடும். பதிவு வேலைக்கு வேறு ஆட்களை அமர்த்துவது வீண்செலவு ஆகாது. அதுபோலவே, வாங்கிய இயந்திரம் பழுதாகாமல் பார்க்க ஒரு நிதியும், ஒன்றியத்துக்கு ஒரு தேர்ந்த பழுதுபார்ப்பவரும் வேண்டும். திறப்பு விழாவுக்கு இருக்கும் பணம், ஒரு பாட்டரி மாற்றுவதற்கு இல்லாமற்போகும் நிலையை இனியும் பொறுக்கலாகாது.

காமராஜர் ஆட்சியில், கல்வித் துறைத் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோது, நாற்காலியும் பெஞ்சும் கரும்பலகையும் ஊராரே வாங்கித் தந்தார்கள். தாம் தந்த பொருள் என்பதால் அது பழுதுபட்டபோது ஊராருக்கே உறுத்திற்று. இன்று சட்டத்தின் வழியாகவே அந்த உரிமை நமக்குக் கிடைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; அதில் பெரும்பான்மையோர் பெற்றோரே; தலைவரும் அவர்களில் ஒருவரே. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த கூட்டத்துக்குத் தறியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டாவது போங்கள். போய், ஆய்வகத்தில் எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்காதீர்கள். இந்த வாரம் என் பிள்ளை அதில் எத்தனை மணி நேரம் அமர்ந்தாள், எந்தக் கணக்கில் தடுமாறினாள், அதைக் கண்டவர் யார் என்று கேளுங்கள்.